கரைசல் சிவந்தால் மட்டும் போதுமா?

சட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பட்டா மாறுதலுக்குப் பணம் வாங்கியதாக லஞ்ச ஒழிப்புப் போலீஸாரிடம் சிக்கிய வருவாய்த் துறை ஊழியர் ஒருவருக்குச் சிறப்பு நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. புகார் கொடுத்தவரோ, விசாரணையின்போது, “அது நான் திருப்பிக் கொடுத்த கைமாற்றுப் பணம்” என்று மாற்றிச் சொல்லிவிட்டார். இப்போது மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே வந்திருக்கும் அந்த ஊழியர் விடுதலையாகி, மீண்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாரா?
– வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: சாட்சியங்களைப் படிக்காமல் தீர்ப்பை ஊகிப்பது முறையாகாது. ஆனால், புகார்தாரர் பிறழ் சாட்சியாகிவிட்டார், அதாவது தன் பழைய வாக்குமூலத்தை மாற்றிச் சொல்லிவிட்டார் என்ற ஒரே காரணத்தால் இத்தகைய வழக்கு விழுந்துவிடாது என்பதை உறுதியாகச் சொல்லலாம். நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பர் 15 அன்று இதைத் தெளிவுபடுத்தியது. புகார்தாரர் இறந்துபோனாலும், பிறழ் சாட்சியானாலும், லஞ்சம் கேட்டதையும் வாங்கியதையும் மற்ற சாட்சிகளைக் கொண்டோ சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டோ அரசுத் தரப்பு மெய்ப்பிக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அதே தீர்ப்பு இன்னொன்றையும் அழுத்திச் சொன்னது. கேட்டதும் வாங்கியதும் ஆகிய இரண்டும் மெய்ப்பிக்கப்படாமல் குற்றம் நிலைக்காது. பொறி வைத்துப் பிடிக்கும்போது ரூபாய் நோட்டுகளில் பினாப்தலின் தூளைத் தடவி, அவற்றின் எண்களை மகஜரில் (சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படும் நடவடிக்கைக் குறிப்பில்) குறித்து, புகார்தாரருடன் உடன் சாட்சி ஒருவரையும் அனுப்புகிறார்கள். பணம் கைமாறியபின் அந்த ஊழியரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் காட்டுவது விரல்கள் அந்த நோட்டுகளைத் தொட்டன என்பதை மட்டுமே. எதற்காகத் தொட்டன என்பதை மனிதர்களின் சாட்சியமும் ஆவணங்களும்தான் சொல்ல வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவு தரும், வாங்கிய பணம் லஞ்சமே என்ற அனுமானமும் இந்த அடிப்படை உண்மைகள் நிறுவப்பட்ட பிறகே பிறக்கிறது.

நீரஜ் தத்தா வழக்கின் முடிவே இதற்குச் சான்று. டெல்லியில் மின் மீட்டர் தொடர்பாக எழுந்த அந்த வழக்கில், சாட்சியம் அளிக்கும் முன்பே புகார்தாரர் இறந்துவிட்டார். சட்டக் கேள்விக்கு அரசியல் சாசன அமர்வு விடை சொன்னபின், வழக்கு இரு நீதிபதிகள் அமர்வின் முன் வந்தது. லஞ்சம் கேட்டது மெய்ப்பிக்கப்படவில்லை என்று கண்ட அந்த அமர்வு, 2023 மார்ச் மாதத்தில் மேல்முறையீட்டாளரை விடுதலை செய்தது.

ஆகவே நீங்கள் குறிப்பிடும் வழக்கில், மேல்முறையீட்டை விசாரிக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முழுச் சாட்சியத்தையும் புதிதாக எடைபோடும்போது சில கேள்விகள்தான் முடிவைத் தீர்மானிக்கும். பணம் கேட்டதைத் தன் காதால் கேட்டதாக உடன் சாட்சி சொன்னாரா? அன்றைய தேதியில் பட்டா மாறுதல் கோப்பு அந்த ஊழியரிடம் நிலுவையில் இருந்ததா? கைமாற்றுக் கதை பிடிபட்ட அந்த நேரத்திலேயே சொல்லப்பட்டதா, குறுக்கு விசாரணையில்தான் முளைத்ததா? பிறழ் சாட்சியின் வாக்குமூலத்தையும் நீதிமன்றம் முழுவதுமாக ஒதுக்கிவிடாது. அதில் நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம். உடன் சாட்சியின் சொல்லை மகஜரில் கவனமாகப் பதியாத விசாரணை அதிகாரி, பயந்து பின்வாங்கும் புகார்தாரரைவிட வழக்குக்குப் பெருங்கேடு செய்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

வேலையைப் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜாமீன் கொடுப்பது தண்டனையை நிறுத்திவைப்பதுதான். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. அந்தத் தீர்ப்பின் பேரில், தனித் துறை விசாரணை இல்லாமலேயே, அரசியல் சாசனத்தின் 311ஆவது பிரிவின்கீழ் அரசு அவரைப் பணிநீக்கம் செய்யலாம். தீர்ப்பையே நிறுத்திவைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டென்றாலும், ஊழல் வழக்குகளில் அதை மிக அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்று கே.சி. சரீன் வழக்கில் 2001ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. விடுதலை கிடைத்தால் மட்டுமே பணியைத் திரும்பக் கோரும் பேச்சுக்கு இடமுண்டு.

கேள்வி: வழக்குத் தொடர அரசு அளித்த அனுமதி ஆணையில் பிழை இருந்தால் மேல்முறையீட்டில் விடுதலை நிச்சயமா?
– வாசகர், சேலம்

பதில்: நிச்சயமில்லை. அப்பிழையால் நீதி உண்மையாகவே தவறிப்போனது என்று காட்டினாலன்றித் தீர்ப்பை மாற்றக் கூடாது என்கிறது ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு. அந்த ஆட்சேபணையை முன்கூட்டியே எழுப்பியிருக்க முடியுமா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும்.

கேள்வி: ஊழல் வழக்கில் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது சம்பந்தப்பட்டவர் இறந்துவிட்டால் என்ன ஆகும்?
– வாசகி, கரூர்

பதில்: மேல்முறையீடு செய்தவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறும். விடுதலையை எதிர்த்து அரசு தொடுத்த மேல்முறையீடாக இருந்தால், இறந்தவரைப் பொறுத்தவரை அது அற்றுப்போகும், அதாவது தீர்ப்பின்றியே முடிந்துவிடும். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் நடந்தது அதுவே. 2014 செப்டம்பரில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் தண்டித்தது. 2015 மே மாதத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. கர்நாடக அரசின் மேல்முறையீட்டில் தீர்ப்பு வருவதற்குள் 2016 டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பை மீட்டபோது, அவருடன் தண்டிக்கப்பட்டிருந்த மற்ற மூவரும் சிறைக்குச் சென்றார்கள். அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போனது.

தண்டிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்துவிட்டு இறந்தால், அபராதம் பற்றிய பகுதி அற்றுப்போகாது. சிறைத் தண்டனை பற்றிய பகுதி அற்றுப்போகும் என்றாலும், பெற்றோர், மனைவி அல்லது கணவர், நேர் வாரிசுகள், உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவர் 30 நாட்களுக்குள் அனுமதி கோரி மனு செய்தால் மேல்முறையீட்டைத் தொடரலாம். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பணிநீக்கத்தால் நின்றுபோன ஓய்வூதியமும் பணிக்கொடையும் பெரும்பாலும் அந்தத் தீர்ப்பையே நம்பியிருப்பதால், வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டிய செய்தி இதுதான்.