ஜிம்மி ஸ்மித்தின் இடது கை: கேள்வி பதில்

கேள்வி: ஆர்கன் என்றாலே எனக்கு சர்ச்தான் ஞாபகம் வருகிறது. அது எப்படி ஜாஸுக்குள் வந்தது?

பதில்: வந்த வழியே சர்ச்தான். 1935இல் ஹாம்மண்ட் கம்பெனி மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழாய் ஆர்கன் வைக்க வசதியில்லாத சபைகள் அதை வாங்கிப் போட்டன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் அது அப்படியே ஊன்றிவிட்டது. ஜாஸ் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்துக்கு முன்பே ஃபாட்ஸ் வாலர், கவுண்ட் பேஸி மாதிரி பியானோ கலைஞர்கள் எல்லாம் ஆர்கனைத் தொட்டவர்கள்தான். பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஸ்மித், வைல்ட் பில் டேவிஸ் என்பவரின் ஆர்கன் வாசிப்பைக் கேட்ட பிறகுதான் ஆர்கன் பக்கம் சாய்ந்தார்.

கேள்வி: அவர் எந்த ஊர்க்காரர்? எப்போது பிறந்தார்?

பதில்: பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுன். பிறந்த வருடத்தை 1925 என்றும் 1928 என்றும் இரண்டு விதமாகப் போடுகிறார்கள். இறந்தது 2005 பிப்ரவரியில், அரிசோனாவில்.

கேள்வி: அண்ணா, நான் கீபோர்டு வாசிக்கிறேன். 'ஆர்கன்' டோன் போட்டால் ஸ்மித் மாதிரி வரவே மாட்டேன் என்கிறது. என்ன ரகசியம்?

பதில்: தம்பி, முதலில் டோனைச் சரிசெய்யுங்கள். ஹாம்மண்ட் ஆர்கனின் பி-3 மாடலில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் டோனை மாற்ற ஒன்பது இழுப்புக் கம்பிகள் உண்டு. ஸ்மித்தின் அடையாளமான சத்தத்துக்கு முதல் மூன்றை முழுக்க வெளியே இழுத்து, மற்றதை எல்லாம் உள்ளே தள்ளிவிட வேண்டும். கூடவே மேல்வரிசைக் கட்டைகளுக்கான 'பெர்கஷன்' ஸ்விட்சைப் போட வேண்டும். அது கட்டையை அழுத்திய நொடியில் மட்டும் 'டிக்' என்று ஒரு மணிச்சத்தம் தரும்.

ஆனால் அந்தச் சத்தம் சும்மா வராது. ஒரு விரல் கட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தால்கூட அடுத்த ஸ்வரத்துக்கு 'டிக்' வராது. எல்லா விரலையும் எடுத்துவிட்டு அடித்தால்தான் வரும். ஸ்மித்தின் வலது கை அவ்வளவு துண்டு துண்டாக, சுத்தமாக விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பியானோ பழக்கத்தில் ஸ்வரங்களை இழைத்து வாசிப்பவர்களுக்கு இங்கேதான் கோட்டை விட்டுப்போகும்.

கேள்வி: ரெக்கார்டில் பேஸ் (அடித்தளமாக ஓடும் கனத்த கீழ்ஸ்தாயி) தெளிவாகக் கேட்கிறது, ஆனால் அட்டையில் பேஸ் வாசித்தவர் பெயரே இல்லையே. அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லை. அந்த பேஸும் ஸ்மித்தேதான்! கீழ்வரிசைக் கட்டைகளில் இடது கை பேஸ் நடையை ஓட்டும். கால் பெடலை அழுத்திப் பிடிக்காமல் லேசாகத் தட்டிவிட்டு எடுக்கும். அந்தத் தட்டல் சேர்ந்ததும் தந்தியைச் சுண்டிய மாதிரி ஒரு முனைப்பு வந்துவிடும். ஆர்கன் வாங்கியதும் பிலடெல்பியாவில் ஒரு கிடங்கில் அதைப் போட்டுவைத்து, மாதக்கணக்கில் சாதகம் பண்ணினார். கிட்டார், டிரம்ஸ் இரண்டு பேர் மட்டும் கூட இருந்தால் போதும், கச்சேரி களைகட்டிவிடும். க்ளப் முதலாளிக்கும் ஒரு ஆள் சம்பளம் மிச்சம்.

கேள்வி: எந்த ரெக்கார்டில் ஆரம்பிக்கலாம், சார்?

பதில்: 'பேக் அட் தி சிக்கன் ஷாக்'. 1960 ஏப்ரலில் பதிவானது. ஸ்டான்லி டரன்டைன் சாக்ஸ், கென்னி பரல் கிட்டார், டொனால்ட் பெய்லி டிரம்ஸ். ஒருவரும் அவசரப்படவே இல்லை. அப்புறம் 'தி செர்மன்'. தலைப்புப் பாட்டு மட்டும் 20 நிமிடம். வெறும் ப்ளூஸ்தான், ஆனாலும் அலுக்காது. லீ மார்கன் டிரம்பெட், ஆர்ட் ப்ளேக்கி டிரம்ஸ்.

கேள்வி: நீங்கள் ப்ளூ நோட் கம்பெனி ரெக்கார்டுகளையே சொல்கிறீர்கள். வெர்வ் கம்பெனிக்குப் போன பிறகுதானே அவருக்குப் பெரிய ஹிட்?

பதில்: உண்மைதான். 1962இல் ஆலிவர் நெல்சன் இசைக்கோப்பில் வந்த 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' பாப் ரசிகர்கள் வரை போனது. 1964இல் லாலோ ஷிஃப்ரினோடு 'தி கேட்'. இரண்டிலும் பெரிய வாத்தியக் குழு. கேட்க ஜோர்தான். ஆனால் பின்னால் அத்தனை ஊதுகுழல்கள் முழங்கும்போது, ஒற்றை ஆளாக நின்று சமாளித்த அந்தப் பழைய துணிச்சலுக்கு வேலை குறைந்துவிடுகிறது. என் ஓட்டு மூன்று, நான்கு பேர் செட்டுக்குத்தான். கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரியோடு 1966இல் பதிவு செய்ததை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மைக்கேல் ஜாக்சன் பாட்டில் வாசித்தவர் இவர்தான் என்கிறார்களே, வதந்தியா?

பதில்: வதந்தி இல்லை. 1987இல் வந்த 'பேட்' பாட்டின் நடுவே வரும் ஆர்கன் தனி வாசிப்பு இவருடையதுதான். அடுத்த தடவை அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.