போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் எங்கே சாப்பிடலாம், என்ன கேட்டு வாங்கலாம்?

மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆற்றங்கரையில் சாப்பிடாதீர்கள். போர்ட்டோ போகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். டூரோ ஆற்றை ஒட்டிய ரிபெய்ரா பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வாசலில் நின்று கூப்பிடுகிற, விலைப்பட்டியலில் படம் போட்ட கடைகள்தான் அங்கே அதிகம். மேட்டுத் தெருக்களுக்கு ஏறிப் போனால் ‘தாஷ்கா’ என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும். அன்றைய சாப்பாடு என்னவென்று ஒரு தாளில் எழுதி வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள். பன்னிரண்டரை மணிக்குப் போய்விடுங்கள். ‘மெய்யா தோஸ்’ என்று கேட்டால் பாதி அளவு தருவார்கள். பெரும்பாலும் ஒருவருக்கு அதுவே தாராளம். நாம் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் எல்லாம் மேசைக்கு வரும். தொட்டால் காசு உண்டு. வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

குடல், போட்டி விரும்பிச் சாப்பிடுகிறவரா நீங்கள்? அப்படியென்றால் வேறு எதையும் யோசிக்காமல் ‘திரிப்பாஷ்’ கேளுங்கள். மாட்டுக் குடலை வெள்ளை பீன்ஸ், கேரட், பன்றித் தொத்திறைச்சியோடு நிதானமாக வேகவைத்து, சோற்றோடு தருவார்கள். பெரும்பாலும் சீரகம் சேர்ப்பதால் நம் நாக்குக்கு உடனே பிடிபடும். இந்த ஊர்க்காரர்களுக்கே ‘குடல் தின்னிகள்’ என்றுதான் பெயர், அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறார்கள். 1415இல் வட ஆப்பிரிக்காவிலுள்ள சேயுட்டா நகரின் மீது படையெடுத்த போர்ச்சுகல் கப்பல்களுக்கு நல்ல இறைச்சியையெல்லாம் கொடுத்துவிட்டு, மிஞ்சிய குடலை ஊர் வைத்துக்கொண்டது என்று அதற்கு ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, கைப்பக்குவம் உண்மை. சில கடைகளில் வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் கிடைக்கும், முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சொல்கிற ஃபிரான்செசீன்யாவையும் விட வேண்டாம். ரொட்டிக்குள் மாட்டிறைச்சி, ஹாம், தொத்திறைச்சி அடுக்கி, மேலே சீஸை உருக்கி, தக்காளியும் பீரும் சேர்ந்த காரச் சாற்றைச் சூடாக ஊற்றுவார்கள். பொன்ஜார்தீம் தெருவின் ‘ஆ ரெகலெய்ரா’வில் 1950களில் பிறந்தது. நான் பரிந்துரைப்பது பாசோஷ் மனுவெல் தெருவிலுள்ள ‘கஃபே சந்தியாகு’. ருசி முழுக்க அந்தச் சாற்றில்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒன்று போதும். தனியாளாக முடித்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க முடியாது.

பக்கல்யாவ் என்பது உப்பிட்டுக் காயவைத்த காட் மீன், அதாவது கருவாடு. ஊறவைத்து உப்பை எடுத்துவிடுவதால் வாடையே இருக்காது. அதில் எத்தனையோ வகை இருந்தாலும் இங்கே ‘கோமெஷ் து சா’ முறையில் சமைத்ததைக் கேளுங்கள். அந்தப் பெயர் கொண்ட போர்ட்டோக்காரர் உருவாக்கியது. உதிர்த்த மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், நிறைய ஆலிவ் எண்ணெய், மேலே அவித்த முட்டையும் கறுப்பு ஆலிவும். காரமே கிடையாது, குழந்தைகளுக்கும் தைரியமாகக் கொடுக்கலாம்.

நடந்து சுற்றும்போது பசித்தால் பத்தால்யா சதுக்கத்துக்குப் பக்கத்தில் ‘கசேலா’ இருக்கிறது. மொறுமொறுப்பான ரொட்டியில் தொத்திறைச்சியும் சீஸும் வைத்து, காரம் தடவி, துண்டு துண்டாக வெட்டித் தருவார்கள். பன்றித் தொடை சாண்ட்விச் என்றால் ‘காசா கெதெஷ்’. அதில் செம்மறி ஆட்டுப்பால் சீஸையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

மாடும் பன்றியும் சாப்பிடாதவர்களுக்குத் தாஷ்காக்களில் வழி குறைவுதான். உருளைக்கிழங்கும் கீரையும் சேர்ந்த ‘கால்து வேர்து’ சூப்பில்கூட ஒரு துண்டு தொத்திறைச்சி மிதக்கும். போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மீன் மட்டும் சாப்பிடுகிறவர்கள் மெட்ரோவின் நீலத் தடத்தில் ஏறி மத்தோசீன்யோஷ் போய்விடுங்கள். துறைமுகத்தை ஒட்டிய எரோய்ஷ் து ஃப்ரான்சா தெருவில் கடை வாசலிலேயே கரி அடுப்பு வைத்துச் சுடுகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மத்திதான், அதில் அப்போது கொழுப்பு ஏறியிருக்கும். மற்ற மாதங்களில் கொடுவா வகை மீனோ ஆக்டோபஸோ கேட்கலாம். பெரிய மீனுக்குக் கிலோ கணக்கில்தான் விலை. அடுப்பில் போடும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.