ஜூரி அறையில் முதல் வாக்கெடுப்புக்கு அவசரப்படாதீர்கள்

கேள்வி: குற்ற வழக்கு ஒன்றில் ஜூரியாக (தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழுவில் ஒருவராக) இருக்க அழைப்பு வந்திருக்கிறது. யாராவது உருக்கமாகப் பேசினால் உடனே நம்பிவிடுவேன். நியாயமாக முடிவெடுக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: உருக்கம் உங்களுக்குத் தெரிந்த எதிரி, அதை நீங்களே கண்டுகொள்வீர்கள். சாட்சியின் உறுதிதான் சத்தமில்லாமல் ஆளைச் சாய்க்கும். 1998-இல் கேரி வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் செய்த ஆய்வில், தவறான ஆளை அடையாளம் காட்டியவர்களிடம் 'சரியாகச் சொன்னீர்கள்' என்றதும், ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்ததாகவும் முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும் சொன்னார்கள். ஆகவே, சாட்சி முதன்முதலில் அடையாளம் காட்டியபோது என்ன சொன்னார், தூரம், வெளிச்சம், பார்த்த நேரம் எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள் (குறிப்பெடுக்க நீதிபதி அனுமதித்தால்).

அடுத்தது கதை. சான்றுகளை நாம் தனித்தனியாக எடைபோடுவதில்லை, கோத்துக் கதையாக்கிக்கொள்கிறோம். பென்னிங்டன், ஹேஸ்டி இருவரும் 1988-இல் சோதித்தது இது: அரசுத் தரப்புச் சான்றுகள் சம்பவம் நடந்த வரிசையிலும் எதிர்த்தரப்புச் சான்றுகள் சாட்சிவாரியாகவும் வந்தபோது 78% பேர் 'குற்றவாளி' என்றார்கள், இதை அப்படியே மாற்றி வைத்தபோது 31%. சான்றுகள் அதேதான்! இதற்கு மாற்று, ஒவ்வொரு நாள் முடிவிலும் அதே சான்றுகளைக் கொண்டு எதிர்க்கதை ஒன்றை நீங்களே கட்டிப் பார்ப்பது. இரண்டிலும் ஓட்டை எங்கே என்று தேடுங்கள். இடைவெளியை உங்கள் ஊகம் அடைத்திருக்கும்.

'இதை மறந்துவிடுங்கள்' என்று நீதிபதி சொன்னால் மனம் மறக்காது. மிரட்டி வாங்கிய வாக்குமூலம் தங்களைப் பாதிக்கவில்லை என்று நம்பியவர்களும் அதைக் கேட்டபின் கூடுதலாகக் 'குற்றவாளி' என்று தீர்ப்பளித்ததை 1997-இல் கேசினும் சூகலும் காட்டினார்கள். அது இல்லாமலே மற்றவை போதுமா என்று தனியே எழுதிப் பாருங்கள்.

ஜூரி அறைக்குள் போனதும் 'முதலில் கை தூக்கிவிடலாமே' என்று ஒருவர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். கால்வென், ஸைசல் 1966-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், முதல் வாக்கில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதுவே பத்தில் ஒன்பது வழக்குகளில் தீர்ப்பானது. கை தூக்கியவர் தன் பக்கத்தைக் காக்கவே பேசுவார். குற்றச்சாட்டின் ஒவ்வொரு கூறையும் எடுத்து, அதற்கு எந்தச் சாட்சியம் என்று பேசி முடித்தபின் துண்டுச் சீட்டில் வாக்களிக்கக் கேளுங்கள். நீங்கள் தனியாக நின்றால் வாதாட வேண்டாம். 'எந்தச் சாட்சியம் உங்களை நம்ப வைத்தது?' என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். சட்டத்தில் குழப்பம் வந்தால் நீதிபதிக்குச் சீட்டு அனுப்புங்கள், இணையத்தில் தேடாதீர்கள்.