காட்டுவேலை செய்பவருக்குச் சர்க்கரை வராதா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். 44 வயதான என் அண்ணன், ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊரில் விவசாயம் பார்க்கிறார். சென்ற மாதம் இங்கே வந்தபோது வற்புறுத்திப் பரிசோதனை செய்ய வைத்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 114, மூன்று மாதச் சராசரி 6.1 என்று வந்தது. “இது பட்டணத்து வியாதி, காட்டுவேலை செய்கிறவனுக்கு வராது” என்கிறார். அம்மாவுக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை இருப்பதால், அவருடைய மாத்திரையில் பாதியை அண்ணனுக்குக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: முதலில் மாத்திரை. வேண்டவே வேண்டாம். அம்மாவின் மாத்திரை அவருடைய வயது, சிறுநீரகம், நோயின் நிலை ஆகியவற்றைப் பார்த்து எழுதப்பட்டது. சில வகை மாத்திரைகள், நீரிழிவு இல்லாதவருக்குச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரையும், மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 வரையும் இருந்தால் அதை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கிறோம். அண்ணனின் இரண்டு எண்களும் அதற்கு நடுவில் நிற்கின்றன.

பட்டணத்து வியாதி என்று அவர் சொல்வது ஒரு காலத்தில் பொருந்தியிருக்கலாம். 2023-இல் வெளியான, நாடு தழுவிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நீரிழிவு நகரங்களில் 16.4 சதவீதம், கிராமங்களில் 8.9 சதவீதம். ஆனால் நீரிழிவுக்கு முந்தைய நிலை நகரங்களில் 15.4, கிராமங்களில் 15.2, அதாவது ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. அந்த நிலையில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் பின்னால் நீரிழிவு நோயாளிகளாவார்கள் என்பதால், இந்த இரண்டாவது கணக்குத்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

காட்டுவேலை என்கிறாரே, அந்த வேலையில் இன்று உடம்புக்கு மிஞ்சியிருப்பது எவ்வளவு என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். ஏர் ஓட்டிய இடத்தில் டிராக்டர் ஓடுகிறது. கிணற்று மோட்டாரை வீட்டுத் திண்ணையிலிருந்தே செல்போனில் போட முடிகிறது. டீக்கடைக்குக்கூட பைக்கில்தான் போகிறோம். நடவும் அறுப்பும் நடக்கும் சில வாரங்களைக் கழித்துவிட்டால், இங்கே அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அவருக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. அந்தக் கடையில் ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால், நாளைக்கு ஐந்து டீயில் மட்டும் 40 கிராமுக்கு மேல் சேர்ந்துவிடும். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

உங்கள் பக்கம் முன்பு களி தின்ற ஊர்தான். இப்போது மூன்று வேளையும் அரிசி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் குழம்பு என்று ஆகியிருக்கும். கேழ்வரகுக்குத் திரும்பினால் போதும் என்றும் எண்ண வேண்டாம். நைசாக அரைத்த மாவில் வெல்லம் போட்டுக் காய்ச்சிய கூழ் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். களியானாலும் உருண்டையைச் சிறிதாக்கி, கீரையையும் பயறையும் கூட்ட வேண்டும்.

தாய்க்கு நீரிழிவு இருப்பது அண்ணனுக்கு ஒரு ஆபத்துக் காரணி. இன்னொன்று வயிறு. ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும், இன்ச் டேப்பை வேட்டி கட்டும் இடத்தில் வைக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்து திரும்ப முடியும். சென்னையில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், அந்த நிலையில் இருந்து, வெறும் அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு மூன்றாண்டுகளில் நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் தொடர்ந்து கண்காணித்தபோது அது 39 சதவீதமாகக் குறைந்தது. அண்ணன் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கட்டும். வரப்பில் நின்று நின்று நடப்பது கணக்கில் சேராது.

மறுபரிசோதனைக்கு அவர் பெங்களூரு வர வேண்டியதில்லை. வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்டில் உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம். ரத்தம் கொடுக்கும் நாளில் விடியற்காலை டீயைக் குடித்துவிட்டு “இன்னும் சாப்பிடவில்லை” என்று சொல்பவர்கள் என்னிடமே நிறைய வருகிறார்கள். எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது.

உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. அதே தாயின் பிள்ளையான நீங்களும் 30-ஐத் தாண்டியிருந்தால், அண்ணனின் சீட்டோடு உங்களுடையதையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.