க்ரெப் சுடுவோருக்கு: கேட்டவையும் என் பதில்களும்

க்ரெப் என்றால் மைதா, முட்டை, பால் கலந்து மெல்லிய தோசைபோல் சுடுகிற பிரெஞ்சுப் பண்டம். பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியிலுள்ள ரென் நகரத்தில் நான்கு வருடம் இருந்தபோது கற்றுக்கொண்ட கைப்பழக்கம்தான் இது. கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

அக்கா, அளவு சொல்லுங்கள். பார்க்கும் இடத்திலெல்லாம் வேறு வேறாக இருக்கிறது.

250 கிராம் மைதா, 3 முட்டை, அரை லிட்டர் பால், உருக்கிய வெண்ணெய் 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. இனிப்பு க்ரெப் என்றால் ஒரு ஸ்பூன் சர்க்கரை. மாவின் நடுவில் குழி செய்து முதலில் முட்டையை ஊற்றிக் கெட்டியாகக் கலக்குங்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் கட்டி தட்டாது. அப்படியும் தட்டினால் வடிகட்டிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பதம் கெட்டி மோர் போல இருக்கட்டும்.

தோசை மாதிரி புளிக்க வைக்க வேண்டுமா?

வேண்டாம். ஆனால் ஒரு மணி நேரம் சும்மா இருக்கட்டும். மாவு பாலை உறிஞ்சி ஊறும், கலக்கும்போது இறுகிய குளூட்டன் (மைதாவுக்கு இழுவை தரும் புரதம்) தளரும். உடனே சுட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும். ஊறியபின் கெட்டியாகத் தெரிந்தால் இரண்டு கரண்டி பால் விட்டுக்கொள்ளலாம்.

எனக்கு முதல் க்ரெப் எப்போதும் பாழாகிறது. ஏன்?

எனக்கும்தான்! அங்கே பாட்டிகளும் முதலாவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சட்டி சமமாகச் சூடாகாததும் வெண்ணெய் அதிகமாகிவிடுவதும்தான் காரணம். மிதமான தீயில் சட்டியை நன்றாகக் காயவைத்து, வெண்ணெய் தடவிய துணியால் லேசாகத் துடைத்தாலே போதும். மாவு விழுந்ததும் மெல்லச் சீறவேண்டும். சத்தமே இல்லையென்றால் சூடு போதாது. விழுந்த இடத்திலேயே இறுகிப்போனால் சூடு அதிகம்.

இன்னொன்று, நம் கை பழக்கதோஷத்தில் கரண்டியால் வட்டமாகத் தேய்க்கப் போகும். தேய்க்காதீர்கள். மாவை ஊற்றியதும் சட்டியைத் தூக்கிச் சுழற்றுங்கள், அதுவே பரவும். பிரெத்தாஞ் கடைகளில் 'பிலிக்' என்ற பெரிய வட்ட இரும்புக்கல்லில் 'ரொசெல்' என்ற மரக்குச்சியால் பரப்புவார்கள். அந்தக் கல்லைத் தூக்கிச் சுழற்ற முடியாதே! ஓரம் பொன்னிறமாகிக் கிளம்பும்போது திருப்புங்கள். மறுபக்கத்துக்கு அரை நிமிடம் போதும்.

தோசைக்கல்லில் சுடலாமா?

சுடலாம், ஆனால் வெங்காய வாசனை சர்க்கரையோடு சேராது. கைப்பிடி உள்ள நான்ஸ்டிக் சட்டிதான் வசதி.

முட்டை சாப்பிட மாட்டோம். வழி இருக்கிறதா?

மைதாவில் முட்டையை விட்டுவிட்டால் கிடைப்பது மைதா தோசைதான், அதற்கு பிரெஞ்சுப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிரெத்தாஞ்சின் 'கலெத்' செய்து பாருங்கள். பக்வீட் மாவு, தண்ணீர், உப்பு என்று முட்டையே இல்லாமலும் அதைச் சுடுகிறார்கள். வடக்கே நவராத்திரி விரதத்துக்கு வாங்குகிற குட்டு மாவு இதுவேதான். கோதுமை வகையில்லை, குளூட்டனும் இல்லை, அதனால் எளிதில் கிழியும். 250 கிராமுக்கு அரை லிட்டர் தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிடுங்கள். உள்ளே சீஸும் வதக்கிய காளானும் வைத்து, நான்கு ஓரத்தையும் சதுரமாக மடிக்கவேண்டும். முட்டை சாப்பிடுகிறவர்கள் கல்லிலேயே ஒன்றை உடைத்து ஊற்றலாம். கூடவே ஹாமும் (பதப்படுத்திய பன்றிக்கறி) சீஸும் சேர்ந்தால் அது 'கொம்ப்ளெத்'.

கையில் காசு வைத்துக்கொண்டு திருப்புவார்களாமே?

ஆமாம். பிப்ரவரி 2, ஷாந்தலர் என்ற கிறிஸ்தவப் பண்டிகை, கிறிஸ்துமஸிலிருந்து 40ஆம் நாள். ஒரு கையில் நாணயம், மறு கையில் சட்டி. தூக்கிப்போட்ட க்ரெப் ஒழுங்காகத் திரும்பி விழுந்தால் அந்த வருடம் பணத்துக்குக் குறையிருக்காதாம். என்னுடையது ஒருமுறை அடுப்புக்குப் பின்னால் போய்விட்டது.

வீட்டில் சுஸெத் (ஆரஞ்சுச் சாற்றில் புரட்டி, மது ஊற்றித் தீ மூட்டுகிற க்ரெப்) செய்து தீ மூட்டலாமா?

ஆரஞ்சுச் சாறு, வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் கொதிக்கவிட்டு, மடித்த க்ரெப்பை அதில் புரட்டினாலே ருசி வந்துவிடும். மதுவைப் பாட்டிலிலிருந்து நேராகத் தீயின் மேல் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், தீ பாட்டிலுக்கே ஏறிவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த வேடிக்கை வேண்டாம்.

மாவு மிஞ்சினால்?

மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் சுட்டுவிடுங்கள்.