கற்பனை ஆர்பிஜி விளையாட்டுகளின் உலகம் நிஜம்போலத் தோன்றுவது எதனால்?

வரைகலையின் நேர்த்தியும் வரைபடத்தின் பரப்பும்தான் நம்மை ஓர் ஆர்பிஜியின் (நாமே ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும் கணினி விளையாட்டின்) உலகத்தில் ஒன்றச் செய்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வகை விளையாட்டுகளை ஆடிவரும் எனக்கு, அவற்றைவிட முக்கியமாகப்படுவது வேறொன்று: அந்த உலகில் உள்ளவற்றுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அதை நாமே கவனித்து அறியும்படியும் விட வேண்டும்.

2001-இல் ஜெர்மனியின் பிரானா பைட்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'காத்திக்' விளையாட்டின் உலகம் மிகச் சிறியது. ஓர்க்குகள் என்னும் அரக்க இனத்தோடு போரிடும் மன்னன் தனக்குத் தேவையான மந்திரத் தாதுவைக் கைதிகளைக் கொண்டு தோண்டுகிறான். அவர்கள் தப்பாமலிருக்க மந்திரவாதிகள் எழுப்பிய மாயத்தடுப்பு அளவு மீறி விரிந்து, அந்த மந்திரவாதிகளையும் உள்ளே அடைத்துவிடுகிறது. அந்தக் குழப்பத்தில் கைதிகள் சுரங்கத்தைக் கைப்பற்றி, மூன்று முகாம்களாகப் பிரிகிறார்கள். தாதுவே அங்கு நாணயமாக இருப்பதும், பழைய முகாம் அதை மன்னனுக்கு விற்று வாழ்வதும், புதிய முகாம் அதைக் குவித்துத் தடுப்பைத் தகர்க்க முனைவதும், சதுப்பு முகாம் ஒரு தெய்வத்தை நம்பிக் காத்திருப்பதும் அந்த ஒரே விபத்தின் விளைவுகள். அங்குள்ளோர் இரவில் உறங்குகிறார்கள், பகலில் வேலை செய்கிறார்கள். வாளை உருவிக்கொண்டு எதிரே போனால் உறைக்குள் போடச் சொல்லி எச்சரிக்கிறார்கள். முதன்முறை ஒருவனுடைய குடிசைக்குள் நுழைந்து அதட்டு வாங்கியபோது, பிறர் வீட்டுக்குள் புகுந்துவிட்ட கூச்சம் எனக்கு உண்மையிலேயே ஏற்பட்டது.

இதற்கு நேர்மாறான அனுபவத்தை 2006-இல் வந்த 'ஆப்லிவியன்' தந்தது. மிக அழகிய காடுகள் கொண்ட விளையாட்டு அது. ஆனால் நம் நிலை உயர உயர எதிரிகளின் நிலையும் உயர்வதால், விலைமதிப்பற்ற கண்ணாடிக் கவசம் அணிந்த வழிப்பறிக் கள்வன் 100 தங்கக் காசுகள் கேட்டு மிரட்டுகிறான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் வசதியாக வாழலாமே என்ற எண்ணம் வந்த கணத்தில், அவ்வுலகம் எனக்காக மட்டும் அடுக்கிவைக்கப்பட்டது என்பது தெரிந்துவிடுகிறது.

வழி கண்டுபிடிப்பதும் அப்படித்தான். 2002-இன் 'மோரோவிண்ட்' இலக்கை அம்புக்குறியால் காட்டாது. எந்தப் பாலத்தைக் கடந்து எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்று ஊர்க்காரர் சொல்வதை நினைவில் வைத்து, பாறைகளையும் பாதைப் பலகைகளையும் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். பிற்கால விளையாட்டுகளில் அந்த அம்புக்குறியை அணைத்துவிட்டு ஆடுமாறு பலர் பரிந்துரைக்கிறார்கள். 2011-இன் 'ஸ்கைரிம்' விளையாட்டில் நானும் முயன்று பார்த்தேன். பல பணிகளில் போகும் வழியை யாருமே சொல்வதில்லை என்பதால், சில மணி நேரத்தில் அம்புக்குறியை மீண்டும் இயக்க வேண்டியதாயிற்று.