பினாங்கில் மூன்று நாள், நான்கு பேர், ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்): கேள்வி பதில்

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் பிறந்து வளர்ந்து, இன்னும் அங்கேயே இருப்பவள் நான். பள்ளி விடுமுறை வந்தால் கிள்ளான், ஈப்போ, சிரம்பான் என்று எங்கிருந்தாவது உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது பதினைந்து வருடமாக என் தலையில் விழுந்த வேலை. அன்று கைக்குழந்தையோடு வந்தவர்கள் இன்று தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகளோடு வருகிறார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன், குவிந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கிள்ளானிலிருந்து ஓர் அப்பா: நான், மனைவி, 16 வயது மகன், 13 வயது மகள். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு திரும்ப வேண்டும். ஆயிரம் வெள்ளிக்குள் முடியுமா அக்கா?

பினாங்கு வந்து போகும் செலவைத் தனியாக வைத்தால், முடியும் அண்ணே. போன முறை என் தம்பி குடும்பத்துக்கு நான் வகுத்துக் கொடுத்த கணக்கு இது. நான்கு பேர் படுக்கிற அறை, இரண்டு இரவுக்கு 400. சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 35 என்று மூன்று நாளுக்கு 420. கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலுக்கு 50. பஸ்ஸுக்கும் ஓரிரண்டு கிராப் வாடகைக் காருக்கும் 80. ஆக 950. மிச்சம் ஐம்பது செண்டோலுக்கும் ஐஸ் கச்சாங்குக்கும்.

ஆனால் இது சாதாரண வாரக் கடைசிக் கணக்கு. பள்ளி விடுமுறையிலும் டிசம்பரிலும் அந்த 400 வெள்ளி அறை அதே விலைக்குக் கிடைக்காது. சீனப் புத்தாண்டு வாரத்தில் அறை விலையும் ஏறும், நீங்கள் தேடி வந்த அங்காடிக் கடைகளில் பாதி மூடியும் கிடக்கும். முடிந்தால் ஞாயிறு வந்து செவ்வாய் திரும்புகிற மாதிரி விடுப்பு எடுங்கள். கூட்டமும் குறையும்.

காசு எங்கே ஓட்டையாகிறது தெரியுமா? நுழைவுச்சீட்டில் இல்லை, கிராப்பில். வெயிலுக்குப் பயந்து பத்து நிமிட நடைக்குக்கூடக் கார் கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு ஐந்து முறை கூப்பிட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு போய்விடும். ஜார்ஜ் டவுனின் பழைய நகருக்குள் கேட் (CAT) என்ற இலவச பஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மற்ற பஸ்களில் ரொக்கம் போட்டால் மீதி தரமாட்டார்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ரவாங்கிலிருந்து ஒருவர்: காரா, ரயிலா? பிள்ளைகளுக்குப் பெரியில் (கடலைக் கடக்கும் படகில்) போக ஆசை. காரோடு ஏறலாம்தானே?

காரோடு ஏறுகிற காலம் போய்விட்டது. பழைய பெரிய பெரிகள் 2020 கடைசியோடு ஓய்வு பெற்றன. இப்போது ஓடுவதில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் மட்டும்தான். கார் என்றால் பாலம்தான். தீவுக்குப் போகும்போது மட்டும் டோல், திரும்பும்போது கிடையாது.

நான் சொல்வது ரயில். கேஎல் சென்ட்ரலிலிருந்து ஈடிஎஸ் ரயில் நான்கு மணி நேரம் சொச்சத்தில் பட்டர்வொர்த்தில் விடும். நிலையத்திலிருந்து பெரி முனையம் நடக்கிற தூரம்தான். பெரிக் கட்டணம் தேநீர்க் காசுதான், டச் அண்ட் கோ கட்டண அட்டை கையில் இருக்கட்டும். 1894 முதல் ஓடுகிற சேவை இது. கடலுக்கு நடுவிலிருந்து ஜார்ஜ் டவுன் கிட்டே வருவதைப் பார்க்கும்போது எந்தப் பையனும் ஐந்து நிமிடமாவது போனைக் கீழே வைப்பான். அப்புறம் படம் எடுக்கத் திரும்ப எடுப்பான், அது வேறு விஷயம். இறங்குகிற இடத்திலேயே பஸ் முனையம் இருக்கிறது. காரில் வந்தால் பழைய நகரில் நிறுத்த இடம் தேடியே அரை நாள் போகும்.

டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுங்கள். நீண்ட விடுமுறைக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சிரம்பானிலிருந்து ஓர் அம்மா: பத்து பெரிங்கியில் கடலோரம் தங்கலாம் என்கிறார் கணவர். டவுனிலா, அங்கேயா?

டவுனிலேயே தங்குங்கள் மா. பத்து பெரிங்கி டவுனிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல். மலையோரமாக வளைந்து போகிற ஒற்றைச் சாலை, சாயங்காலம் நெரிசல். கடல் நினைக்கிற மாதிரி நீலமாகவும் இருக்காது, சொறிமீன் வேறு. மணலில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்க நல்ல இடம். 101 பஸ் பிடித்துப் போய்விட்டு ராத்திரி திரும்பிவிடலாம்.

டவுனில் பழைய கடைவீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அழகாக இருக்கும், ஆனால் ஒன்றைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்: அறைக்கு ஜன்னல் உண்டா? என் பெரியம்மா மகளுக்கு நான் ஒரு முறை 'குடும்ப அறை' எடுத்துக் கொடுத்தேன். படத்தில் திரைச்சீலை தொங்கியது. போய்த் திரையை விலக்கினால் சுவர்! இரண்டு நாள் அந்தப் பெட்டிக்குள் நான்கு பேர். இன்றுவரை கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் "ஜன்னல்" என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த மாதிரி கட்டடங்களில் ஜன்னல் இல்லாத அறை சகஜம். படிக்கட்டும் செங்குத்தாக இருக்கும், லிப்ட் இருக்காது.

வாடகை அடுக்குமாடி வீடு எடுப்பதாக இருந்தால், குறுகிய கால வாடகைக்கு அனுமதி உள்ள கட்டடமா என்று கேளுங்கள். தீவில் இதற்குக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. பையும் கையுமாகக் காவலரிடம் வாதாடிக்கொண்டு நிற்கக் கூடாது. பினாங்கில் அறைக்கு ஓர் இரவுக்கு இரண்டு மூன்று வெள்ளி உள்ளூர்க் கட்டணமும் உண்டு. பயப்படுகிற தொகை இல்லை.

படிவம் 4 படிக்கும் ஒரு மாணவி: அக்கா, எங்க அம்மா பினாங்கு என்றால் கோயில் கோயிலாகக் கூட்டிப் போவார். எனக்கு என்ன இருக்கிறது?

உன் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் இந்தப் பதிலைக் காட்டு.

காலை ஏழரைக்கு ஆர்மேனியன் ஸ்திரீட்டுக்குப் போ. சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போகிற சுவரோவியம் அங்கேதான் இருக்கிறது. லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சக்காரெவிச் 2012இல் வரைந்தது. சைக்கிள் நிஜ சைக்கிள். ஒன்பது மணிக்கு மேல் போனால் வரிசையில் நிற்க வேண்டும். சந்துகளில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்களும் இருக்கின்றன, ஒவ்வொன்றும் அந்தத் தெருவின் கதையைச் சொல்லும். தம்பியும் நீயும் யார் அதிகம் கண்டுபிடிக்கிறீர்கள் என்று போட்டி வையுங்கள்.

அப்புறம் சௌராஸ்தா சந்தை. கீழே ஜாதிக்காயும் ஊறுகாயும் விற்பார்கள். மாடிக்கு ஏறு, பழைய புத்தகக் கடைகள். பேரம் பேசிப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஞாயிறு என்றால் ஹின் பஸ் டிப்போ: பழைய பஸ் பட்டறையை ஓவியக்கூடமாக்கி இருக்கிறார்கள், அன்று கைவினைச் சந்தை கூடும். பார்க்கக் காசு வேண்டாம்.

அம்மாவுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில் ஒரே நடை. 1801இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல், குவான் யின் கோயில், 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். பக்கத்துக் குயின் ஸ்திரீட்டில் 1833இலிருந்து இருக்கும் மகாமாரியம்மன். நான்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். குறுக்கே போகிற சூலியா ஸ்திரீட் நம் தென்னாட்டு முஸ்லிம் வணிகர்களைக் குறித்த பெயர். சுவரோவியத்துக்குப் படம் எடுக்கிற பிள்ளைகள் இந்தப் பெயர்ப்பலகைக்கும் ஒன்று எடுக்கலாமே.

ஈப்போவிலிருந்து ஓர் அப்பா: மகனுக்கு எதிலும் விருப்பம் இல்லை. "சும்மா அறையில் இருக்கிறேன்" என்கிறான். கொடுத்த காசு வீண்.

எத்தனை இடம் போட்டு வைத்திருக்கிறீர்கள் அண்ணே? ஒரு நாளைக்கு ஏழு இடம் எழுதியிருந்தால் நானே அறையில்தான் படுத்திருப்பேன். இரண்டு போதும், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பன்னிரண்டிலிருந்து நான்கு வரை இந்த வெயிலில் எவரும் நடக்க முடியாது. அந்த நேரம் தூங்கட்டும், போனைப் பார்க்கட்டும்.

இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் அவன் கையில் முப்பது வெள்ளி கொடுத்துவிடுங்கள். "இரவுச் சாப்பாடு எங்கே என்று நீயே கண்டுபிடி, எங்களையும் கூட்டிப் போ. இன்று ஆளுக்குப் பதினைந்துக்கு மேல் போகக் கூடாது" என்று சொல்லுங்கள். முப்பது அவன் சொந்தச் செலவுக்கு. என் அண்ணன் மகன் அப்படித்தான் நியூ லேன் கடைகளில் எங்களை நாற்பது நிமிடம் நிற்க வைத்தான். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயணத்தில் அவன் இன்னமும் பேசுவது அதை மட்டும்தான். சந்திக்கிற இடத்தையும் நேரத்தையும் முதலிலேயே முடிவு செய்துவிட்டால் ஜார்ஜ் டவுன் சிறிய ஊர், தொலைய மாட்டான்.

பூச்சோங்கிலிருந்து ஒருவர்: கொடிமலையா, எஸ்கேப் பூங்காவா? இரண்டும் முடியாது.

ஆயிரம் வெள்ளிக் கணக்கு என்றால் கொடிமலை. மைகாட் (அடையாள அட்டை) இருந்தால் உள்ளூர்க் கட்டணம், வெளிநாட்டவர் கொடுப்பதில் பாதிகூட வராது. மாணவர் அட்டையையும் எடுத்து வரச் சொல்லுங்கள், வீட்டில் வைத்துவிட்டு வந்து முழுக் கட்டணம் கட்டியவர்கள் உண்டு. கொம்தார் பஸ் முனையத்திலிருந்து 204 பஸ் மலையடிவாரத்துக்கே போகும். காலை ஏழு மணிக்கு அங்கே இருங்கள். பத்து மணிக்குப் போய் வரிசையில் நிற்பது மகா கொடுமை. மேலே நல்ல குளிர், மெல்லிய சட்டை ஒன்று வேண்டும். உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், மேலே விலையும் உயரம்தான்.

கால் வலு உள்ள பிள்ளைகள் என்றால் தாவரவியல் பூங்காப் பக்கம் ஜீப் பாதையில் நடந்து ஏறலாம். ஐந்து கிலோமீட்டர், விடாத ஏற்றம். இறங்க மட்டும் ரயில். திரும்பும் வழியில் அதே 204இல் கெக் லோக் சி. கோயிலைச் சுற்ற இலவசம், கோபுரத்துக்கும் லிப்டுக்கும் மட்டும் சிறு கட்டணம்.

எஸ்கேப் மோசம் என்று சொல்லவில்லை. 1,111 மீட்டர் நீளமுள்ள நீர்ச்சறுக்கு, 2019இல் கின்னஸ் சாதனை. ஆனால் நான்கு பேர் டிக்கெட் என்பது உங்கள் அறை வாடகையை நெருங்கும். போவதாக இருந்தால் இணையத்தில் முன்பே வாங்கி, திறக்கும்போது நுழைந்து மூடும்போது வெளியே வாருங்கள். எஸ்கேப் இருக்கிற தெலுக் பகாங்கிலேயே பினாங்கு தேசியப் பூங்காவும் இருக்கிறது. பந்தாய் கெராச்சுட்டுக்குக் காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேர நடை, அங்கே ஆமைப் பாதுகாப்பு மையம். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று வாசல் அலுவலகத்தில் கேட்டுவிட்டு நடங்கள்.

சுங்கை பட்டாணியிலிருந்து: நாசி கண்டாரில் பில் எகிறிவிடுகிறது. தப்பிக்க வழி?

கை நீட்டுவதற்கு முன் வாயைத் திறந்து விலை கேளுங்கள். சோறு, ஒரு கோழித் துண்டு, வெண்டைக்காய், குழம்பு என்றால் பயமில்லை. பெரிய இறாலையும் கணவாயையும் மீன் முட்டையையும் பையன் "அது, இது" என்று காட்டினால்தான் கதை மாறும். தோளில் காவடி மாதிரி தடி வைத்துச் சுமந்து விற்றதால் வந்த பெயர்தான் கண்டார். அந்தக் காலத்தில் துறைமுகத் தொழிலாளிக்குக் கட்டுப்படியான சாப்பாடு. எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், அதற்குத் தனிக் காசு இல்லை, ருசியே அதில்தான்.

மாடு சாப்பிடாதவர்கள் குழம்பைக் கேட்டு ஊற்றிக்கொள்ளுங்கள். சார் குவே தியாவ் நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் கடைகள் உண்டு. வெள்ளிக்கிழமை சைவம் என்றால் லிட்டில் இந்தியாவில் கவலையே இல்லை. அங்காடி மையங்களில் உட்கார்ந்ததும் குடிக்க என்ன என்று கேட்பார்கள். மேசை அந்தப் பானக் கடைக்காரருடையது, ஆளுக்கு ஒரு தே ஓ ஐஸ் சொல்லிவிடுங்கள்.

பிறையிலிருந்து ஒரு தங்கச்சி: சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது. அவர்களுக்கு ஏதாவது தனியாக?

வருவதற்கு மூன்று நாளுக்குள் மின்னியல் வருகைப் பதிவு அட்டையை இணையத்தில் நிரப்பச் சொல்லுங்கள். விடுதியில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி உண்டு, முன்பே சொல்லிவிட்டால் முகப்பில் முகம் சுளிக்க வேண்டாம். நீங்கள்தான் பிறையிலேயே இருக்கிறீர்களே, ஓர் இரவு உங்கள் வீட்டில் படுக்க வையுங்கள்!

அலோர் ஸ்டாரிலிருந்து: பாட்டியும் வருகிறார், முழங்கால் வலி. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏற முடியுமா?

ஐந்நூறுக்கு மேல் படி மா. பாட்டியைக் கீழே நிழலில் உட்கார வைத்து, பேரப் பிள்ளைகளை மேலே அனுப்பி, வீடியோ அழைப்பில் முருகனைக் காட்டச் சொல்லுங்கள். என் அம்மா இரண்டு வருடமாக அப்படித்தான் தரிசனம் செய்கிறார். "கேமராவை ஆட்டாதே" என்று திட்டிக்கொண்டே.